மார்ச்சில் சொன்னதை மே மாதத்தில் யார் கேட்பது?



பங்குனி வெயில் ஏறத் தொடங்கும் நாட்களில் நம் ஊரில் இரண்டு கணிப்புகள் வீடுதோறும் நடைபெறுகின்றன. இந்த ஆண்டு ஐபிஎல் கோப்பையை எந்த அணி வெல்லும் என்பது ஒன்று. பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளில் யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்பது மற்றொன்று. முதலாவதைத் தொலைக்காட்சியில் முன்னாள் வீரர்கள் சொல்லுகிறார்கள். இரண்டாவதைச் சித்தப்பாக்களும் பக்கத்து வீட்டாரும் சொல்லுகிறார்கள். இரண்டுக்கும் விடை கோடை முதிரும்போது வருகிறது. இந்த வாரம் பெரும்பாலும் முதலாவதைக் குறித்தே எழுத எண்ணியிருக்கிறேன். இரண்டாவது தானாக வந்து சேர்ந்துகொள்ளும்.

விசுவாசி கிரிக்கெட் பார்க்கலாமா என்ற கேள்விக்குள் நான் நுழையவில்லை. ஞாயிறு மாலை ஆராதனையில் வேதப்புத்தகத்துக்குள் கைப்பேசியை வைத்து ஸ்கோர் பார்ப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

2018ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சூதாட்ட விவகாரத்தில் லோதா குழு விதித்த தடையினால் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2016, 2017 ஆகிய இரு பருவங்களிலும் ஆடவில்லை. 2018 ஜனவரி இறுதியில் பெங்களூருவில் ஏலம் முடிந்தபோது, திரும்பி வரும் அணியின் பட்டியலைக் கண்டவர்கள் நகைத்தார்கள். தோனிக்கு வயது 36. ஷேன் வாட்சனுக்கும் 36. ஹர்பஜன் சிங்குக்கு 37. இம்ரான் தாஹிர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். 'அப்பாக்களின் படை' என்று அதற்குக் கேலிப்பெயர் சூட்டப்பட்டது. இருபது ஓவர் ஆட்டம் இளைஞர்களுக்கு உரியது, இவர்களால் ஓடிப் பந்தைத் தடுக்கவும் முடியாது என்று அறிவுடையோர் பலரும் கருதினார்கள். அந்தக் கருத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஏப்ரல் 7ஆம் தேதி வான்கடே மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில், தோல்வி ஏறத்தாழ உறுதியாகிவிட்ட நிலையிலிருந்து 34 வயது பிராவோ 30 பந்துகளில் 68 ஓட்டங்கள் எடுத்து ஆட்டத்தைத் திருப்பினார். ஒரே ஒரு விக்கெட் மீதமிருக்க அணி வென்றது. பிறகு காவிரிப் போராட்டம் மூண்டது. சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் மட்டுமே நடந்தது. எஞ்சிய சொந்த மண் ஆட்டங்கள் புனேவுக்குப் போயின. மார்ச் மாதத்தில் கணிப்புச் சொன்ன எந்த நிபுணரும் தம் கணக்கில் காவிரி நீரைச் சேர்த்திருக்க முடியாது. மே 27ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் 178 ஓட்டங்கள் குவித்தது. வாட்சன் முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டம்கூட எடுக்கவில்லை. அந்தப் பத்துப் பந்துகளின்போது, ஜனவரியில் நகைத்தவர்கள் தாங்கள் சொன்னது சரிதான் என்று எண்ணியிருப்பார்கள். அவர் 57 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் எடுத்தார். கோப்பை சென்னைக்கு வந்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் நம்முடைய மதுரைக்கும் ஒரு கோப்பை வந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடரின் முதல் இரு பருவங்களிலும் பட்டியலின் அடியில் கிடந்த மதுரை அணி, மதுரை பேந்தர்ஸ் என்ற பெயரில் 2018இல் களமிறங்கி, இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல்லை வென்றது.

இதைக் கேட்டு, நிபுணர்கள் எல்லாரும் அறிவிலிகள், அனுபவம் ஒன்றே வெல்லும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அப்படி முடிவுகட்டியவர்களுக்கு 2020 பதில் சொன்னது. அந்த ஆண்டு அதே சென்னை அணி எட்டு அணிகளில் ஏழாவதாக நின்றது. அவ்வணி அடுத்த சுற்றுக்குப் போகாதது அதுவே முதல் முறை. அணி முடிந்துவிட்டது என்றார்கள். 2021இல் கோப்பையை வென்றது. 2022இல் பத்து அணிகளில் ஒன்பதாவது இடம். 2023இல் மழையால் நள்ளிரவைத் தாண்டிய இறுதி ஆட்டத்தில், கடைசி இரண்டு பந்துகளில் ஜடேஜா ஓர் ஆறும் ஒரு நான்கும் அடிக்க, மறுபடியும் கோப்பை. 2025இல் பத்தாவது, அதாவது கடைசி இடம். இந்த வரிசையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தவர் யாராவது உண்டானால் அவரை நான் சந்திக்க விரும்புகிறேன்.

இது ஏன் இப்படி நிகழ்கிறது என்பதற்கு மறைபொருள் ஏதும் தேவையில்லை. இந்தத் தொடரே அப்படி அமைக்கப்பட்டிருக்கிறது. ஏலத்தில் எல்லா அணிகளுக்கும் ஒரே அளவான பணம். 2018இல் அணிக்கு 80 கோடி ரூபாய், 2025 பருவத்துக்கான பெரிய ஏலத்தில் 120 கோடி. பணக்கார அணி எல்லா வீரர்களையும் வாரிக்கொள்ள முடியாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அணிகள் கலைக்கப்பட்டு மீண்டும் கட்டப்படுகின்றன. ஓர் அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டங்களே. ஒவ்வொன்றும் சில மணி நேரம். அமெரிக்காவின் பேஸ்பால் தொடரில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அத்தனை ஆட்டங்களில் அதிர்ஷ்டம் இருபுறமும் சமன்பட்டுவிடும் என்று எவரும் எண்ணுவர். அங்கும் வசந்த காலத்தில் நிபுணர்கள் பட்டியல் வெளியிடுகிறார்கள். அங்கும் அவை கவிழ்கின்றன. 1962இல் தொடங்கி, முதல் பருவத்திலேயே 120 தோல்விகள் கண்டு, ஆண்டுதோறும் ஒன்பதாவது அல்லது பத்தாவது இடத்தில் நின்ற நியூயார்க் மெட்ஸ் அணி 1969இல் உலகத் தொடரையே வென்றது. 162 ஆட்டங்களில் தடுமாறும் கணிப்பு, ஒரு பனித்துளியும் ஒரு நாணயச் சுழற்சியும் முடிவை மாற்றக்கூடிய 14 ஆட்டங்களில் எங்ஙனம் நிலைநிற்கும்?

ஆயினும் ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் சரியாகச் சொல்லிவிடுகிறார் அல்லவா? பத்து அணிகள் இருக்க, பத்துப் பேர் ஆளுக்கோர் அணியைச் சொன்னால் ஒருவர் சொன்னது நடந்தே தீரும். அந்த ஒருவருடைய காணொளித் துண்டு மே மாதக் கடைசியில் எல்லாருடைய கைப்பேசியிலும் சுற்றிவருகிறது. மற்ற ஒன்பது பேருடைய துண்டுகளை யாரும் தேடுவதில்லை. 2010 உலகக்கோப்பைக் கால்பந்தின்போது சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நம் தமிழ் முதியவர் ஒருவரிடமிருந்த மணி என்னும் கிளி, காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் வென்றவர்களைச் சரியாக எடுத்துக் கொடுத்து உலகப் புகழ் பெற்றது. இறுதி ஆட்டத்துக்கு அது எடுத்த சீட்டு நெதர்லாந்து. வென்றதோ ஸ்பெயின். ஜெர்மனியின் பால் என்னும் ஆக்டோபஸ் ஸ்பெயினைத் தொட்டிருந்தது. ஆகவே இன்றைக்கும் ஆக்டோபஸை நினைவுகூர்வார் உண்டு, கிளியை நினைப்பார் இல்லை. கிளி பாவம், அது ஒருபோதும் தன்னை நிபுணர் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

அமெரிக்க உளவியலாளர் பிலிப் டெட்லாக், அரசியலையும் பொருளாதாரத்தையும் குறித்து முன்கூட்டிச் சொல்லும் 284 நிபுணர்களின் கணிப்புகளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் எழுதி வைத்து, நடந்தவற்றோடு ஒப்பிட்டு, 2005இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலோருடைய கணிப்பு குருட்டு ஊகத்தைவிட அதிகம் மேலானதாக இல்லை. ஊடகங்களில் மிகுதியாகத் தோன்றிய புகழ்பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே தவறினார்கள். தயக்கத்தோடு, இப்படியும் நடக்கலாம் அப்படியும் நடக்கலாம் என்று அளந்து பேசியவர்கள் ஓரளவு தேறினார்கள். அப்படிப் பேசுகிறவரைத் தொலைக்காட்சி இரண்டாம் முறை அழைப்பதில்லை என்பது வேறு கதை.

இந்த இடத்தில் நம்மூர்ப் பெரியவர்களை நான் புகழ்ந்தாக வேண்டும். மார்கழி முழுவதும் தேநீர்க்கடைகளில் அவர்கள் ஜல்லிக்கட்டுக் காளைகளைப் பற்றிப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். எந்தக் காளையை நீச்சலுக்கு விட்டுப் பழக்கினார்கள், எது மண்ணைக் குத்தி வளர்ந்தது, எது வாடிவாசலை விட்டு வந்ததும் ஓடிவிடும், எது நின்று விளையாடும் என்றெல்லாம் சொல்லுவார்கள். அது கைக்கொண்ட தொழிலிலிருந்து வரும் அறிவு. ஆனால் தை மாதத்தில் காளை வெளியே வந்து, ஒருவன் திமிலைப் பற்றிக்கொள்ளும்போது, சொன்னவரும் அங்கேதான் நிற்கிறார், கேட்டவரும் அங்கேதான் நிற்கிறார். மறுநாள் காலை அதே கடையில் அதே ஆட்கள். "நீங்கள் சொன்ன காளை என்னவாயிற்று?" என்று ஒருவர் கேட்பார், பெரியவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்லியாக வேண்டும். ஆகையால்தான் அவர்களுடைய பேச்சில் "பார்ப்போம்" என்னும் சொல் அடிக்கடி வருகிறது. தொலைக்காட்சி நிபுணருக்கு இந்தத் தேநீர்க்கடை இல்லை.

விதிவிலக்குகளும் உண்டு. 2020 டிசம்பர் 19ஆம் தேதி அடிலெய்டில் இந்திய அணி 36 ஓட்டங்களுக்குச் சுருண்டபோது, தொடரை இந்தியா நான்குக்குப் பூஜ்யம் என்று தோற்கும் என்று சொன்னவர்களில் இங்கிலாந்தின் முன்னாள் தலைவர் மைக்கேல் வாகனும் ஒருவர். கடைசி டெஸ்ட் பிரிஸ்பேனில் ஜனவரி 15ஆம் தேதி, நமக்கு மாட்டுப் பொங்கல் நாளில், தொடங்கியது. வலைப்பயிற்சியில் பந்து வீசுவதற்காக அழைத்துச் செல்லப்பட்டிருந்த சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் அன்று டெஸ்ட் வீரரானார். சென்னையின் வாஷிங்டன் சுந்தரும் அன்றே அறிமுகமானார். முதல் இன்னிங்ஸில் இருவரும் தலைக்கு மூன்று விக்கெட் எடுத்தார்கள். 19ஆம் தேதி, 32 ஆண்டுகளாக ஆஸ்திரேலியா தோற்காத அந்த மைதானத்தில், இந்தியா 328 ஓட்டங்களைத் துரத்தி வென்று தொடரையும் கைப்பற்றியது. வாகன் தம் கணிப்பு பொய்த்ததை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அது அவருக்குப் பெருமை என்றே நான் கருதுகிறேன்.

பிரியமானவர்களே, கணிப்புச் சொல்லுகிறவருடைய உள்ளத்தில் என்ன நடக்கிறது என்பதை வேதம் இரண்டு மனிதரைக் கொண்டு நமக்குக் காட்டுகிறது.

ஒருவர் யோனா. நாற்பது நாட்களில் நினிவே கவிழ்ந்துபோகும் என்று அறிவித்தார். நகரம் மனந்திரும்பியது, தேவன் அதை அழிக்கவில்லை. தீர்க்கதரிசி மகிழ்ந்தாரா? கடுங்கோபம் கொண்டார். நகரத்துக்கு வெளியே போய், ஒரு குடிசை போட்டு, அதன் நிழலில் உட்கார்ந்து, நகரத்துக்கு என்ன நேரிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தார் (யோனா 4:5). அந்தக் குடிசையைச் சிறிது நேரம் நினைத்துப் பாருங்கள். தம் சொல் நிலைக்க வேண்டும் என்பதற்காக ஒரு நகரம் வீழ்வதைக் காணக் காத்திருக்கும் மனிதர் அதில் இருக்கிறார். உள்ளே வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000க்கும் அதிகமான பேர் இருக்கிறார்களே என்று தேவன் அவருக்கு எடுத்துச்சொல்ல வேண்டியதாயிற்று.

மற்றவர் எரேமியா. அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டு ஆண்டுகளுக்குள் பாபிலோனின் நுகம் முறியும், ஆலயத்துப் பணிமுட்டுகள் திரும்பிவரும் என்று ஜனங்கள் முன்பாக நாள் குறித்துச் சொன்னான். அது நடவாது என்று எரேமியாவுக்குத் தெரியும். என்றாலும் அவருடைய வாயிலிருந்து முதலாவது வந்தது ஆமென். கர்த்தர் அப்படியே செய்வாராக என்பதே (எரேமியா 28:6). தம் கணிப்பு பொய்யாகிப் போவதை அவர் விரும்பினார். எழுபது ஆண்டுச் சிறையிருப்பை அறிவித்த அதே மனிதர், அது வராதிருக்கக் கூடுமானால் தாம் பொய்யன் என்று எண்ணப்படவும் ஆயத்தமாயிருந்தார்.

கணிப்பு நம்மை இந்த இருவரில் ஒருவராக ஆக்கிவிடுகிறது. ஓர் அணி தோற்கும் என்று மார்ச்சில் உரக்கச் சொன்னவன், ஏப்ரலில் அவ்வணி வெல்லும்போது ஏன் முகம் வாடுகிறான்? அந்த வீரர்கள் அவனுக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. சொன்ன சொல்லுக்காக அவன் குடிசை போட்டு உட்கார்ந்துவிட்டான். கிரிக்கெட்டில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு மாலைப்பொழுது கசந்துபோகும், அவ்வளவே.

பணம் கட்டியவனுக்கு மாத்திரம் அது அவ்வளவோடு நிற்கவில்லை. அணியைக் கணித்துப் பணம் கட்டும் செயலிகள் பல ஆண்டுகள் ஆட்ட ஒளிபரப்போடு நம் வீட்டுக் கூடத்துக்குள் வந்தன. 2020 தொடரின் பெயரிலேயே அத்தகைய ஒரு நிறுவனம் இடம்பெற்றது. நிபுணர் கணிக்கிறார், நீயும் கணி என்பதே அவற்றின் அழைப்பு. நிபுணருக்குக் கணிப்பதற்கு ஊதியம் கொடுத்தார்கள். நம் பிள்ளைகளிடம் கணிப்பதற்குப் பணம் வாங்கினார்கள். 2025 ஆகஸ்ட் மாதத்தில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. அச்சட்டத்தை நான் வரவேற்கிறேன். தடையை மீறி வேறு வழிகள் இன்னும் திறந்திருப்பதைப் பெற்றோர் அறிந்திருங்கள்.

நம்முடைய வீட்டையும் சற்றுப் பார்க்க வேண்டும். புத்தாண்டு இரவு ஆராதனைகளில், இன்ன தலைவர் வீழ்வார், இன்ன தேசத்தில் யுத்தம் வரும் என்று ஆண்டுக்கான பட்டியல் வாசிக்கும் வழக்கம் சில மேடைகளில் பெருகியிருக்கிறது. டிசம்பர் மாதத்தில் அந்தப் பட்டியலை எடுத்து, நடந்தது எது, நடவாதது எது என்று யாராவது சபையில் வாசித்ததுண்டா? உபாகமம் 18:22 இதற்கான அளவுகோலை ஒளிவுமறைவின்றித் தருகிறது: கர்த்தரின் நாமத்தில் சொன்னது நிறைவேறாவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல, சொன்னவனுக்கு அஞ்சவும் வேண்டாம். தொலைக்காட்சி நிபுணர் தம் சொந்தப் பெயரில் தவறுகிறார். மேடையில் நிற்பவர் யாருடைய பெயரில் தவறுகிறார் என்பதைச் சிந்தியுங்கள். இதனால் சில நண்பர்கள் என்மேல் வருத்தப்படக்கூடும். ஆயினும் எழுதாமல் விட மனமில்லை.

இப்போது அந்த இரண்டாவது கணிப்பு. உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளையைப் பார்த்து "இவன் தேறமாட்டான்" என்று உறவினர் நடுவே சொல்லுகிறீர்கள். எச்சரிப்பதற்காகச் சொன்னேன் என்பீர்கள். நினிவேக்கு வந்த வார்த்தையும் எச்சரிப்பாகவே வந்தது. அதற்கு நாற்பது நாட்கள் அவகாசம் இருந்தது, நகரம் திரும்பியபோது அதை அனுப்பியவர் மனமிரங்கினார். உங்கள் பிள்ளை இன்று முதல் விடியற்காலையில் எழுந்து படிக்கத் தொடங்கினால், உங்கள் சொல்லைத் திரும்பப் பெறுவீர்களா? அல்லது "எத்தனை நாளைக்கு என்று பார்க்கிறேன்" என்பீர்களா? இந்த இரண்டாவது வாக்கியம் குடிசையிலிருந்து வருகிறது. தாய்தகப்பன் அதற்குள் உட்கார்ந்திருப்பதைப் பிள்ளை காண்கிறது. மதிப்பெண் குறைவதைவிட அது ஆழமாகக் காயப்படுத்தும்.

தேர்வு முடிவு வரும் வாரத்தில் தமிழ்நாட்டில் பிள்ளைகள் உயிரை மாய்த்துக்கொண்ட செய்தி இல்லாத ஆண்டு அரிது. ஆகவே இப்போதே சொல்லுகிறேன்: தவறிய பாடத்துக்குத் துணைத்தேர்வு சில வாரங்களிலேயே நடக்கிறது. மனம் கலங்கும் பிள்ளையும், பிள்ளையை நினைத்துக் கலங்கும் பெற்றோரும் 104 அல்லது 14416 என்னும் அரசு எண்களுக்கு எந்த நேரத்திலும் பேசலாம். போதகர் இல்லத்துக் கதவையும் எந்த நேரத்திலும் தட்டலாம்.

கிரிக்கெட் கணிப்புக்கு வருகிறேன். வாலிபர் ஐக்கிய அறையில் வரும் ஞாயிறு முதல் ஒரு நீளக் குறிப்பேடு இருக்கும். முதல் பந்து வீசப்படும் முன், விருப்பமுள்ளவர்கள் தங்கள் பெயரையும் தேதியையும் அணியையும், அந்தக் கணிப்பில் தங்களுக்கு நூற்றுக்கு எத்தனை பங்கு நம்பிக்கை என்பதையும் எழுதுங்கள். பணமும் பந்தயமும் இல்லை. பிள்ளைகளின் தேர்வைப் பற்றி எழுத அதில் பத்தியும் இல்லை. இறுதி ஆட்டத்துக்கு அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து தேநீர் அருந்தும்போது எல்லாப் பக்கங்களும் வாசிக்கப்படும். முதல் வரியை நான் எழுதிவிட்டேன்: அணி, சென்னை, நம்பிக்கை, நூற்றுக்குப் பன்னிரண்டு.